எதிரில் எத்தனை பேர்

எங்கள் ராஜபாளையம் வாலிபால் அணியில், நாங்கள் அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கட்டையான உடம்பு. மூக்குக்கண்ணாடி விழாமலிருக்கப் பிடரியில் எலாஸ்டிக் கட்டியிருப்பார். பந்து கைக்கு வருகிற நேரத்திலும் அவர் பார்வை வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் கால்களுக்கு ஒருமுறை போய்வரும்.

அந்த வருடம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்தவர், யார் எத்தனை பாயிண்ட் அடித்தார்கள் என்று கணக்கு வைத்திருந்தார். அதில் அண்ணாச்சிக்கு ஒன்றுமே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளூர் அணியோடு இறுதி ஆட்டம். கடைசி செட்டில் இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை எங்களுக்கு. பந்து எனக்குத்தான் வரும் என்று ஊருக்கே தெரியும். நான் ஓடிவந்து எகிறினேன். என்னை மறிக்க எதிரணியில் வலையோரம் நின்ற மூன்று பேரும் சேர்ந்து குதித்தார்கள். அண்ணாச்சி பந்தைத் தன் தலைக்குப் பின்னால் தள்ளினார். அங்கே எங்களில் சுமாராக அடிக்கிறவர், மறிக்க ஆளே இல்லாமல் அடித்து ஜெயித்துக் கொடுத்தார்.

"பாயிண்ட் அடிச்சவர் பேருலதானய்யா ஏறும்" என்றார் ஆள் எடுக்க வந்தவர்.

"ஏறட்டும் சார். அவர் அடிக்கையில எதிர்ல எத்தனை பேர் நின்னாகன்னும் எழுதுங்க" என்றார் அண்ணாச்சி.

ஆள் எடுக்க வந்தவர் சிரித்துவிட்டார். மாவட்ட அணிக்கு முதலில் அண்ணாச்சி பெயரைத்தான் வாசித்தார்.

திரும்புகையில் பஸ்ஸில் கேட்டேன்: "எங்கிட்டக்கூடச் சொல்லலியே, அண்ணாச்சி?"

"சொல்லியிருந்தா அம்புட்டு உசரம் எகிறியிருப்பியாலே?"

பந்தையே தொடாத அந்த எகிறலைத்தான் இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.