சீட்டு தேடும் முறை

என் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேனாவை எடுத்தாலே எனக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்டவன் ஒரு காகிதம் எழுதித்தான் ஓர் அறையிலிருந்து வெளியே வந்தேன்.

காஞ்சிபுரத்தில் டெலிபோன் லைன் வேலைக்குத்தான் நான் சேர்ந்தது. கம்பம் ஏறுவேன். கம்பிச் சுருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருமுக்கூடல் வரை போவேன். யாரோடும் அதிகம் பேச வேண்டாம், அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் சீட்டு அறையைப் பார்த்துக்கொண்டவர் உடம்பு சரியில்லாமல் படுத்ததும், "நாலு நாள் உள்ள இருப்பா" என்று என்னை உட்கார வைத்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. நாலு நாள் பல வருஷம் ஆயிற்று.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கத்தில் பாட்டரி அறை. அமில வாடை சட்டையில் ஏறி என்னோடு வீடு வரை வரும். மழை பெய்ததா என்பதை உள்ளே வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

வெளியூருக்கு யாராவது டிரங்க் கால் பேசினால், எந்த நம்பரிலிருந்து எந்த ஊருக்கு, எப்போது லைன் கிடைத்தது, எப்போது பேசி முடித்தார்கள் என்று ஆபரேட்டர் அம்மாக்கள் ஒரு சீட்டில் குறிப்பார்கள். பில் போட்ட பிறகு அந்தச் சீட்டுகள் என்னிடம் வரும். "பம்பாய்க்கு நான் பேசவே இல்லையே" என்று பட்டுக்கடைக்காரர் யாராவது வந்து நின்றால், அவருடைய சீட்டைத் தேடிக் காட்ட வேண்டும். நான் எடுத்துவிடுவேன். அப்படி எடுத்துக்கொடுத்ததாலேயே என்னை அங்கிருந்து அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. திரும்ப லைனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். சூப்பர்வைசர் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நீங்க போயிட்டா சீட்டை யாரு தேடறது? எப்படித் தேடணும்னு எழுதி வெச்சிடுங்க. உங்களைக் கூப்பிடாம, அந்தக் காகிதத்தைப் பார்த்தே ஒருத்தர் எடுத்துட்டார்னா லைனுக்கு அனுப்பிடறேன்."

"அவரு எழுதி முடிக்கறதுக்குள்ள நாம ரிட்டையர் ஆயிடுவோம்மா" என்றார் ஒரு ஆபரேட்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மாதத்துக்கு ஒரு அலமாரித் தட்டு, தட்டில் தேதிவாரியாகக் கட்டுகள், கட்டுக்குள் ஊர்வாரியாகச் சீட்டுகள். இவ்வளவையும் எழுதவே இரண்டு வாரம் பிடித்தது. ஆற்காட்டிலிருந்து மாற்றலாகி வந்த பாய் ஒருவர் காகிதத்தோடு உள்ளே போனார். பெங்களூர் சீட்டு ஒன்றை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்.

"அண்ணே, அந்தத் தேதிக் கட்டே இல்லியே!"

நான் உள்ளே போய் அலமாரிக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்து, சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல எப்படி வந்துச்சு?"

"அன்னிக்கு முகூர்த்தம் பாய். கல்யாண நாள்ல பட்டுக்கடைங்க விடாம பேசுவாங்க. கட்டு தட்டுல அடங்காது. அதான் பெட்டியில போட்டுடுவேன்."

"சரிதான்! எங்க வூட்ல பஞ்சாங்கமா மாட்டிக்கினு இருக்கோம்? எது முகூர்த்தம்னு எனக்கு இன்னா தெரியும்?"

சூப்பர்வைசர் அம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அப்போ இன்னும் முடியலை" என்றார்.

மறுபடியும் அதே நாற்காலி. அன்று என் கையையே கவனித்தேன். பேச்சு பாதியில் அறுந்த சீட்டைக் கடைசியில் செருகியது. கோயில் நம்பர் சீட்டைத் தனியே வைத்தது. இது எதையும் நான் எழுதவில்லை. யாரும் சொல்லித்தந்ததும் இல்லை, கை தானாகப் பழகிக்கொண்டது. இதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் காகிதம் நீண்டுகொண்டே போகும், நான் அங்கேயே கிழவனாகிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

முகூர்த்த நாட்களைப் பட்டியல் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். தகரப்பெட்டியைத் தரையில் கொட்டினேன். ஒவ்வொரு சீட்டையும் அதனதன் தேதியில் சேர்த்தேன். இடம் போதாத தட்டுகளுக்கு நடுவில் பலகை அடித்தேன். கோயில் சீட்டும் அறுந்த சீட்டும் மற்றவற்றோடு போயின. வேலைக்கு நடுவே இதைச் செய்து முடிக்க ஆவணி போய் புரட்டாசியும் வந்துவிட்டது. இனி எந்தச் சீட்டை எடுக்கவும் நான் வேண்டியதில்லை. மாதம், தேதி, ஊர் போதும். புதிய காகிதத்தில் எழுத ஐந்தே வரிதான் இருந்தது.

பாய் மறுபடியும் உள்ளே போனார். என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே தட்டில் கட்டுகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கத்தை வைத்தே அவர் தப்பான மாதத்தில் தேடுவது தெரிந்தது. எழுந்துவிடக் கூடாதென்று பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது. பிறகு வேறு தட்டிலிருந்து கேட்டது.

பாய் சீட்டோடு வந்தார். "இந்தாங்கண்ணே, மெட்ராஸ் கால். நீங்க கெளம்புங்க."

சூப்பர்வைசர் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். "திங்கட்கிழமை லைனுக்குப் போயிடுங்க" என்றவர், காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "கீழே தேதி போடுங்க."

பேனாவை எடுத்தேன். எழுதினேன்.

11-10-1974.