மூன்று மூலையில் உட்கார்ந்த கார்

வெல்டிங் பட்டறையை மூடிய பிறகு என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. காய்ச்சலில்லை, வலியில்லை. பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில், ஒனிஹங்கா பக்கம் அந்தப் பட்டறை நடந்த காலத்தில் விடியுமுன்பே எழும்பி, என்னையும் எழுப்பித் தொலைக்கிற மனிதர். இப்போது சுவரைப் பார்த்தபடி கிடந்தார். நான் வேலைக்குப் போய்த் திரும்பினால் காலையில் வைத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து அப்படியே இருக்கும். கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். “கொஞ்சம் சும்மா இரும்” என்பார். அவ்வளவுதான்.

அவரை எழுப்பியது நானுமில்லை, என் செபமுமில்லை. ஒரு கார். ஊரின் மறுகோடியில், ஆல்பனியில் ஒரு வெள்ளைக்காரர் பாதியில் வெறுத்துப்போய் விட்ட கிட் கார் ஒன்று கிடக்கிறது, வந்து ஏற்றிப்போனால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிட் கார் என்றால், ஒரு பழைய காரின் மேலுடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினும் சில்லுகளும் உள்ள அடிச்சட்டத்தின் மேல் வேறொரு ஃபைபர் கிளாஸ் உடம்பைத் தூக்கிப் பூட்டுவது. வந்து இறங்கியது சிவப்பு உடம்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. மழை ஓயாத இந்த ஊரில் கூரையில்லாத கார்! வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்காகவே எனக்கு அந்தக் காரைப் பிடித்துப்போனது.

சட்டத்துக்கு ஒரு பழைய ஜெர்மன் கார் கிடைத்தது. மேலெல்லாம் துருவேறி உக்கிப்போயிருந்தாலும் அடி நல்ல அடி. அதை நடுவில் வெட்டி, ஒரு முழத்துக்குக் கிட்ட எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினால்தான் புது உடம்பு அதில் உட்காரும். தினமும் காலையில் கராஜின் உருட்டுக் கதவு கடகடவென்று மேலே போகும். நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அந்தக் கார் ஓடவேண்டும் என்றுகூட எனக்கு ஆசையில்லை. அந்தக் கதவு திறந்தால் போதும், என் மனிதர் உயிரோடு இருக்கிறார்.

சட்டத்தை வெட்டிப் பொருத்தி, பொட்டு வைத்ததுபோல அங்கங்கே ஒட்டி நிறுத்தியிருந்தபோது அவருடைய தங்கச்சி வருகிறாள் என்று தகவல் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து, கொழும்பில் கிடந்து, புருஷனோடும் பிள்ளைகளோடும் இங்கே. எங்கள் வீட்டிலோ இரண்டே அறை. “கராஜுக்குள்ள கட்டில் போடுவம்” என்று அவரேதான் சொன்னார். நான் கட்டிலுக்கு விரிப்புத் தேடினேன். வேறென்ன செய்வது? எப்போது வேறு வீடு பார்ப்பீர்கள் என்று வந்தவர்களைக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு காரைத் தள்ளிவிட்டுத்தான் தனக்கு இடம் வந்தது என்று தங்கச்சிக்குத் தெரியக்கூடாதாம். அதனால் அவர்கள் வந்து இறங்குமுன்பே சட்டத்தை வெளியே உருட்டிவிட்டார்.

வெளியே என்றால் டிரைவ்வே, கார் ஏறிவரும் பாதை. அது ரோட்டைப் பார்த்துச் சாய்ந்தது. கல்லும் பலகைத் துண்டும் அண்டை கொடுத்து, மேலே தார்ப்பாய் கட்டி, மழை விட்ட நேரங்களில் முழுதாக வெல்ட் பண்ணி முடித்தார். மட்டமில்லாத இடத்தில் சூடு காட்டினால் இரும்பு முறுகி வளையும் என்பது அவருக்குத் தெரியாததா? வாழ்நாளெல்லாம் அதே வேலை செய்தவர். மட்டமான தரை இருந்தது. அதில் தங்கச்சியின் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும், உடம்பைத் தூக்கி வைக்க ஆம்பிளைகள் எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். நான் பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தேன். “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று தூக்கி வைத்தார்கள். மூன்று மூலை உட்கார்ந்தது. நாலாவது இரண்டு விரல் உயரத்தில் நின்றது. திரும்பத் தூக்கி வைத்தார்கள். அதே மூலை.

அவர் குனிந்து அடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது.

“விடுங்கோ. சட்டம் முறுகிப்போச்சு” என்றார்.

எங்கள் ஆட்கள் விடுவார்களா? கைகொடுக்க வந்தால் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். “அதெல்லாம் ஒண்டுமில்லை மச்சான், கொஞ்சம் அமத்தினால் இருந்திடும்” என்றார் தங்கச்சியின் புருஷன். வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவர், பாவம். சொன்ன வேகத்தில் ஏறி அந்த மூலையில் குந்திவிட்டார்.

அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் வந்தது. சிவப்பு உடம்பில் விரிசல் ஒரு வெள்ளைக் கோடாகக் கதவு வரைக்கும் ஓடியது.

என் வீட்டுக்காரர் கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “பரவாயில்லை. கையைக் கழுவுங்கோ, சாப்பிடுவம்” என்றார். எல்லோருக்கும் தன் கையாலே பரிமாறினார். தங்கச்சி புருஷனுக்கு நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டார். அடுத்த நாள் காலை எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

தார்ப்பாய் கிழிந்தது. சிவப்பு உடம்புக்குள் மழைத்தண்ணீர் நின்றது. தங்கச்சி குடும்பம் வேறு வீடு கிடைத்துப் போகும்போது அடுத்த குளிர்காலம் வந்துவிட்டது. அவள் கராஜைக் கூட்டிக் கழுவிப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தாள். நான் அறைக்குப் போய், “இஞ்சருங்கோ, கராஜ் வெறுமையாக் கிடக்கு” என்றேன்.

“ஓம்” என்றார் சுவரைப் பார்த்தபடி.

மறுநாள் காலையில் நானே போய் அந்தக் கதவைத் தூக்கினேன், வேண்டுமென்றே சத்தமாக. உள்ளே தரை மட்டமாக, சுத்தமாகக் கிடந்தது. கட்டில் கிரீச்சிடுகிறதா, செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவருடைய குரல் வந்தது.

“இஞ்சரும், அந்தக் கதவைச் சாத்தும். குளிருது.”

இறக்கினேன். இறங்கும்போதும் அது அதே சத்தம்தான் போட்டது.