பால் வெட்டுக்கு வைத்த முறை

ஒரே பெண் ஒரே விடியலில் மூன்று தோட்டங்களில் எப்படி நிற்க முடியும்? வெல்லாவெளிக்கு அப்பால், அக்காவின் இறப்பர் தோட்டத்து வேலியோரத்தில், இந்தக் கேள்விக்கு வெள்ளிக்கிழமைக்குள் விடை கண்டாக வேண்டியிருந்தது. இல்லையென்றால் மரங்களை அறுத்துவிட்டுச் சோளம் போடுவதென அக்கா முடிவெடுத்திருந்தாள். மரம் அறுப்பவருக்கும் சொல்லியாகிவிட்டது. அவை பால் தரத் தொடங்கி இரண்டாவது ஆண்டுதான் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பகுதியில் பால் வெட்டத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். மிஞ்சியவர், மொனராகலைப் பக்கம் வேலை பழகி வந்த ஒரு பெண். வெயில் ஏறுமுன் பட்டையை மெல்லச் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. நானும் ஒருநாள் முயன்றேன். கதிர் அறுத்த பழக்கத்தில் கையை வெடுக்கென்று இழுத்தேன். கத்தி கட்டையில் இறங்கியது. அந்த மரத்தில் வடு இன்னும் இருக்கிறது.

செவ்வாய் விடியலில் அந்தப் பெண்ணை மறித்து நின்றோம்: நானும் அக்காவும், பக்கத்துத் தோட்டக்காரர், மூன்றாம் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான காத்தான்குடி வியாபாரி. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே வழக்கம் என்பதால் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“இண்டைக்கு எனக்கெண்டுதானே நேத்துச் சொன்ன நீ, புள்ள?” என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

“அப்ப நான் காத்தான்குடியில இருந்து காத்து வாங்கவா வந்த?” என்றார் வியாபாரி.

“நானா, என்னை மூண்டாப் பிளந்து ஆளுக்கொரு துண்டு கொண்டு போங்க!” என்று வியாபாரியை அண்ணன் முறை சொல்லி அழைத்துச் சிரித்த பெண், சட்டென்று குரலை மாற்றினார். “வயல் வட்டையில தண்ணி காணாட்டி முறை வச்சுத்தானே வயலுக்குப் பாய்ச்சுறீங்க? எனக்கு முறை வைக்க ஒருத்தருக்கும் தெரியாதா? மூண்டு நாள் உங்களுக்கு. நாலாம் நாள் எண்ட முறை. அண்டைக்கு நான் எழும்பவே மாட்டன்.”

அப்படியே முறை வைப்போம் என்று மற்றவர்களை இசைய வைத்தது நான்தான். இவ்வளவு எளிதா? ஆனால் நான்கு நாளுக்கொரு வெட்டென்றால் பால் குறையாதா? மூவரின் இழப்புக்கும் நானல்லவா காரணமாவேன்? இறப்பர் விரிவாக்க அலுவலரைத் தொலைபேசியில் பிடித்தேன். அப்படி வெட்டும் இடங்கள் உண்டு என்றார் அவர். பால் சுரப்பைத் தூண்டும் மருந்தை அளவாகப் பூசினால் ஒவ்வொரு வெட்டிலும் பால் கூடும், பட்டையும் நெடுங்காலம் தாங்கும். அன்று மாலையே மருந்துடன் வந்து பூசிக் காட்டினார்.

அக்காவின் மரங்களில் திங்களன்று பால் வெட்டப்பட்டிருந்தது. செவ்வாயும் புதனும் மற்ற இருவருக்கு, வியாழன் அந்தப் பெண்ணுக்கு, வெள்ளி மீண்டும் அக்காவின் முறை. மரம் அறுப்பவர் வருவதாகச் சொன்ன அதே காலை.

பெண் சீவச் சீவ வெள்ளைக் கோடு வழிந்து இறங்கியது. வழக்கமாக மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டை பாதி நிறைவதுடன் நின்றுவிடும் பால், அன்று வெயில் ஏறியும் நிற்கவில்லை. முதல் மரத்துச் சிரட்டை விளிம்பைத் தாண்டி மண்ணில் சொட்டியது.

“ஐயோ, நிலத்துல போகுது! வாளி, வாளி!” என்று அக்கா ஓடினாள். எதிரே மரம் அறுப்பவர் இயந்திரத்தைத் தோளில் சுமந்து வந்து நின்றார். அக்கா அவர் கையில் வாளியைத் திணித்தாள். “அண்ணே, அதை வச்சிட்டு இதைப் பிடிங்க!”

இப்போது மூன்று தோட்டங்களிலும் முறை வைத்தே பால் வெட்டுகிறார்கள். மழை பெய்தால் முறை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும், யாருக்கும் தவறாது. மொத்தப் பால் முன்பைவிடச் சற்றுக் குறைவுதான். நாலாம் நாள் அந்தப் பெண் எழும்புவதில்லை. அக்காவின் மரங்கள் நிற்கின்றன.