வடிக்காத கரண்டு

ஒரே உப்பளத்தில் ஒருவன் பதினோரு வருஷம் தற்காலிகமாகவே இருக்க முடியுமா என்றால், சொரிமுத்து இருந்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றுகிற பம்பு ஷெட்டில் வயர்மேன். வேலை தெரிந்தவன்தான். மேலே இருப்பவர்களிடம் 'சார்' தவிர வேறு வார்த்தை வாயில் வராது. வெளியே காட்டிய பணிவுக்கெல்லாம் சேர்த்து வீட்டில் பொண்டாட்டி செல்லக்கிளியிடம் எரிந்து விழுவான். அவளும் அதே உப்பளத்தில் உப்புச் சுமந்தாள்.

எழுபத்தேழில் காலேஜ் வாத்தியார் எஸ்றா சார் ஒரு புது மோட்டாரோடு வந்தார். பழைய மோட்டாரில் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டு கொடுக்கிற கார்பன் பிரஷ்ஷை உப்புக்காற்று தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. புதியதில் பிரஷ்ஷே கிடையாது. நடுவில் சுற்றுவது பல் வைத்த வெறும் இரும்பு, சுற்றிலும் கம்பி சுற்றிய காயில்கள். ஒவ்வொரு காயிலுக்கும் முறை வைத்துக் கரண்டு கொடுத்து, நேரம் பார்த்து வெட்ட வேண்டும். வெட்டியதும் காயிலில் மிச்சம் இருக்கிற கரண்டுக்குப் போக வழி வேண்டும், இல்லாவிட்டால் கரண்டை விட்டு வெட்டுகிற தைரிஸ்டர் தீய்ந்துபோகும். எஸ்றா சார் அதை டயோடு வழியாகத் திருப்பி கரண்டைச் சேர்த்துவைக்கிற ஒரு பெரிய கெப்பாசிட்டருக்குள் அனுப்பினார். இதெல்லாம் அடங்கிய பெட்டியை நாலு மாதம் உட்கார்ந்து கட்டியவன் சொரிமுத்து.

ஒரே ஒரு குறை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்டு நிற்கும். அதை வடிக்கிற ரெசிஸ்டர் இன்னும் மெட்ராஸிலிருந்து வரவில்லை. வருகிறவரை ஒவ்வொரு தடவையும் பித்தளைக் கம்பியால் வடித்துவிட வேண்டும், ஷெட்டுக்குள் வருகிற எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும் என்றார் எஸ்றா சார். திங்கட்கிழமை முதலாளி முன்னால் மோட்டார் ஓடினால் சொரிமுத்து நிரந்தரம்.

வெள்ளிக்கிழமை சோறு போடும்போது செல்லக்கிளி கேட்டாள். "சுவிச்ச அமத்திட்டா அந்தப் பொட்டியத் தொடலாமா?"

"ஏளா, ஒனக்கு எதுக்கு அந்த எளவெல்லாம்? உப்புச் சொமக்குற வேலையப் பாரு."

சனிக்கிழமை சோதனை ஓட்டம் பிரமாதம். சுவிட்சை அணைத்தான், சந்தோஷத்தில் எஸ்றா சாரோடு டீ குடிக்கப் போய்விட்டான். கம்பி மூலையிலேயே கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் உப்பளத்துப் பெண்கள் உப்புக்காற்றுப் பட்ட எல்லாவற்றையும், பம்பு, ஸ்பேனர், பூட்டு உட்பட, லாரியில் வருகிற நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது வழக்கம். பழைய மோட்டாரையும் சுவிட்சை அணைத்துவிட்டு அப்படித்தான் துடைத்தார்கள். செல்லக்கிளி மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். சூட்டுக்காகத் திறந்து வைத்திருந்த பெட்டிக்குள் வெள்ளையாய்ப் படிந்திருந்த உப்பை, முதலாளி கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஈரத்துணியால் துடைத்தாள். புருஷன் நிரந்தரமாக வேண்டும் என்று அவனைவிட அவளுக்குத்தான் ஆசை. கத்தக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

விசாரணை ஷெட்டிலேயே நடந்தது. முதலாளி பக்கத்தில் நின்றார். எஸ்றா சார் கேட்டார்.

"வடிக்காமத் தொடக்கூடாதுன்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா, சொரிமுத்து?"

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். அவ கேக்கல. பிடிவாதக்காரி."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மோட்டார் ஓடியது. அருமையாக ஓடியது. அடுத்த மாதம் அவன் நிரந்தரமானான். பொண்டாட்டியைப் பறிகொடுத்த நல்ல மனுஷன் என்று ஊரே அவனுக்காக உச்சுக்கொட்டியது. செத்தவளுக்குக் கிடைத்தது பிடிவாதக்காரி என்கிற பெயர். இந்த அநியாயத்தைக் கேட்க ஒரு நாதியில்லை.

மகள் சண்முகத்தாய்க்கு அப்போது ஐந்து வயது. அம்மா எப்படிச் செத்தாள் என்று யார் கேட்டாலும், "சொன்ன பேச்சு கேக்கல, அதான்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். ஒருநாள் அப்பனுக்குத் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் அம்மா மாதிரி இருக்க மாட்டேம்ப்பா. நீங்க சொன்னாக் கேப்பேன்."

"நல்ல பிள்ள" என்றான் சொரிமுத்து.