மூன்று வழியும் தெரிந்த அண்ணி

என் அண்ணியிடம் வழி கேட்காதவர்கள் எங்கள் நகரத்தில் குறைவு. பஸ் ஸ்டாண்டில் என்கொயரி கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அதிகம் பேர் கேட்பது வெந்நீர் ஊற்று இருக்கும் அந்த மலையடிவார ஊருக்கு. மூட்டு வலிக்காரர்கள், முதுகு பிடித்தவர்கள், கை கால் இழுத்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அங்கேதான் போக வேண்டும். ஊரோ கைக்குட்டை அகலம். போகிற வழியோ மூன்று.

அண்ணி ஒரே மூச்சில் சொல்லுவாள். "காலையில ஆறு பத்துக்கு நேர் பஸ் இருக்கு. ஆனா முந்தின ராத்திரி மலையிலேர்ந்து இறங்கி வந்திருந்தாத்தான் உண்டு. இல்லன்னா ரயில்ல ஜங்ஷன் போய் ஷேர் வேன் பிடிக்கலாம், பத்துப் பேர் சேர்ந்தாத்தான் எடுப்பாங்க. அதே ஜங்ஷன்லேர்ந்து டவுன் பஸ்ல அணைக்குப் போய்ப் படகுலயும் போகலாம், ஆனா காத்தடிச்சா படகு கிடையாது, நாற்பது படி இறங்கணும். நீங்க எதுல போறீங்க?"

கேட்டவன் மண்டை காய்ந்து நிற்பான். "நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்" என்பான். அண்ணி வாயைத் திறக்க மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரிடம் "படகுல போங்க" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்குக் காற்று. மனுஷன் திரும்பி வந்து கவுன்டர் கண்ணாடியைத் தட்டித் தட்டி ஊரைக் கூட்டிவிட்டார். அதிகாரி கூப்பிட்டு, "வழி சொல்றதோட உங்க வேலை முடிஞ்சுது. முடிவு பண்றது அவங்க பாடு" என்றார். அண்ணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

வேதவாக்கு வீட்டுக்கும் வந்துவிட்டதுதான் வினை. திரைச்சீலை வாங்கப் போனால், "நீலம்னா அழுக்கு தெரியாது, மஞ்சள்னா வெளிச்சமா இருக்கும். எது வேணும்?" என்று என் அண்ணனைப் பார்ப்பாள். அவன் லிஃப்ட் மெக்கானிக், யோசிக்க நேரமில்லாதவன். "நீலம்" என்பான். கதை முடிந்தது. இத்தனை வருஷமும் அவள் அடுக்க, இவன் எடுக்க, குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது. எனக்குத்தான் பார்த்துப் பார்த்துப் பற்றிக்கொண்டு வரும். நான் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். அடுத்து யார், அடுத்து யார் என்றே பழகியவள், எனக்குப் பொறுமை கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அண்ணன் குளியலறையில் விழுந்தான். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, வாய் கோணிப் பேச்சும் போய்விட்டது. அண்ணி எனக்குப் போன் செய்தாள். "ஆம்புலன்ஸ் கூப்பிடலாம், வர்றதுக்கு நேரமாகும். ஆட்டோன்னா உட்கார வைக்க முடியுமான்னு தெரியல. எதிர்வீட்டுக்காரர் கார் இருக்கு, அவர் இப்பத்தான் வாக்கிங் போனார். எதுல போறது?" என்றாள். பொறுமை இல்லாத நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு நிமிஷம் இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் வாக்கிங் முடித்து வந்து காரை எடுப்பதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. அரைமணி முன்னால் வந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணியைத்தான் கரித்துக் கொட்டினேன். போனில் நான் சொன்னது அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சிகிச்சை இல்லத்தில் ஒரு படுக்கை கிடைத்தது. குறித்த நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் ஆரம்பித்தால்தான் கை ஓரளவாவது வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணியோடு போகிறோம், வழிக்கு என்ன கவலை என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் காடிப் பானையில் துள்ளி.

ஆறு மணிக்கு அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஆறு பத்து போய் ஆறரை ஆயிற்று, பஸ்ஸைக் காணோம். அண்ணி நேரே போய்த் தன் கவுன்டரில் கேட்டாள்! அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் அவளிடமே மூன்று வழியையும் வரி பிசகாமல் ஒப்பித்துவிட்டு, "நீங்க எதுலக்கா போறீங்க?" என்றார். எல்லாம் இவள் சொல்லிக் கொடுத்த பாடம். அண்ணி பேந்தப் பேந்த விழித்தாள். என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. "நடங்க ஸ்டேஷனுக்கு" என்று நான்தான் கத்தினேன்.

ஜங்ஷனில் இறங்கியபோது ஒன்பதே முக்கால். வெளியே வேன் நின்றது, எங்களோடு சேர்த்து ஆறு பேர். எதிரே அணைக்குப் போகும் டவுன் பஸ். அண்ணி வேனுக்கும் பஸ்ஸுக்குமாக நடந்தாள். "வேன் பத்துக்குள்ள கிளம்பினா பதினொன்றரைக்குப் போயிடும். கிளம்பலன்னா? படகு சீக்கிரம். ஆனா நாற்பது படி, இவர் எப்படி இறங்குவார்? தூக்கிக்கிட்டு இறங்க ஆள் கிடைப்பாங்களா? கிடைக்கலன்னா?" எனக்கும் தலை சுற்றியது. மணி பத்தே கால். வேன்காரர், "இன்னும் நாலு பேர் வரணும்மா, நான் என்ன செய்ய" என்று ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டார். அண்ணன் இடது கையால் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "நீ... சொ... சொல்லு" என்றான். இரண்டு மாதத்தில் அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை.

அடுத்த ரயில் வந்தது. பெட்டியும் பையுமாக ஒரு குடும்பம் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்று, வேனா படகா என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டது. கணவன், மனைவி, மாமியார், ஒரு கொழுந்தன். சரியாக நாலு பேர். மாமியார், "இங்க யாருக்காவது தெரியுமா, எதுல போனா நல்லது?" என்று பொதுவாகக் கேட்டாள்.

அண்ணி முன்னால் போய் நின்றாள். கவுன்டர் குரல் வந்தது. "வேன்ல ஏறுங்க."

"படகு சீக்கிரம்னாங்களே?"

"வேன்தான். யோசிக்காதீங்க, ஏறுங்க!"

ஏறினார்கள். படகில் போயிருந்தால் அவர்கள் கால் மணி நேரம் முன்னால் போயிருப்பார்கள், அது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். வழி முழுக்க அந்த மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது பெயர் பதிந்தோம். அண்ணனை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி சத்தமில்லாமல் அழுதாள். "அன்னைக்கே இப்படி ஒண்ணைச் சொல்லியிருந்தா..." என்றாள்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க போன்ல கேட்டப்ப நானும்தான் ஒண்ணும் சொல்லல. அதை மறைச்சுட்டு ஊரெல்லாம் உங்களைத் திட்டினேன்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமே. நீ திட்டுறப்பல்லாம் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாங்கிக்கிட்டேன்" என்றாள்.