மச்சான் அனுப்பிய பிஸ்டன்

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பாரத்தைப் பார்த்ததுமே என் மனைவி சாந்தி குசினிக் கத்தியோடு ஓடி வந்துவிட்டாள். அனுப்பியவர் அவளுடைய அண்ணன் குகநேசன். அண்ணன் பெட்டி அனுப்பினால் அதற்குள் சொக்லேட்டும் சவர்க்காரமும் கோடாலித் தைலமும் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

பெட்டிக்குள் ஒரு பிஸ்டன் இருந்தது.

பிஸ்டன் மட்டுமா? ரிங் செட், காஸ்கட் செட், கார்பரேற்றர், முன் சில்லைத் தாங்கும் போர்க், பின் சில்லு ஹப், பிளக்... மொத்தம் இருபத்து மூன்று சாமான்கள். ஒவ்வொன்றும் ஜப்பான் எழுத்துப் போட்ட தனித்தனிப் பெட்டியில், பிறந்த குழந்தையைச் சுற்றுவது போல எண்ணெய்த் தாளில் சுற்றி. சாந்தி அடிவரைக்கும் கிளறிப் பார்த்தாள். ஒரு ரொபி கூட இல்லை.

"அண்ணாக்கு என்ன பிடிச்சது?" என்றாள்.

அண்ணாவுக்கு என்ன பிடித்தது என்று எனக்குத் தெரியும். பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தது.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலணையில் எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குள் ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தொண்ணூறு சீசீ. கம்பனிப் பெயரைச் சொல்ல மாட்டேன் – அவர்கள் எனக்கு விளம்பரக் காசு தருவதில்லை. அது என் மாமனார் தன் ஒரே மகன் குகநேசனுக்கு வாங்கிக் கொடுத்தது. குகநேசன் வெளிநாடு போகும்போது என்னிடம் ஒப்படைத்தார். "மச்சான், இதை வித்துப் போடாதையும். நான் திரும்பி வந்து ஓடுவன். அப்பிடியே வைச்சிரும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு இந்த முறை மனைவியோடு வருகிறாராம். வேலணையிலிருந்து, நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் அந்த மோட்டார் சைக்கிளில்தான் போவாராம். அதுவும் எப்படி? கம்பனியிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரியே, ஒரிஜினலாக!

இந்த ஒரிஜினல் என்ற சொல்லை அவர் இணையத்தில் பிடித்துக்கொண்டார். பழைய வண்டிக்காரர்கள் கூடும் ஒரு குழுமம் இருக்கிறதாம். அங்கே ஒருவர் தவறான நிறத்தில் ஒரு ஸ்குரூ பூட்டிய படத்தைப் போட்டால் மற்றவர்கள் துக்கம் விசாரிப்பார்களாம். எஞ்சின் நம்பரை வீடியோவில் காட்டச் சொன்னார். கொட்டிலுக்குள் குப்புறப் படுத்துக் காட்டினேன்.

"எஞ்சின் நம்பர் பொய் சொல்லாது மச்சான். இந்த நம்பருக்கு எந்தச் சாமான் பொருந்தும் எண்டு கம்பனிக் கற்றலோக்குப் புத்தகத்தில கிடக்கு. நீர் ஒண்டையும் யோசிக்க வேண்டாம். ஒயில் மட்டும் பாத்தனீரோ?"

"ஓம்" என்றேன். அவர் ஒவ்வொரு அழைப்பையும் இந்தக் கேள்வியோடுதான் முடிப்பார். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, சீனி இருக்கிறது. அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. எஞ்சினுக்குள் ஒயில் இருக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை. ஒயில் பார்க்காமல் ஓடுகிறவன் மனிதனே இல்லை என்று ஒரு முறை பத்து நிமிடம் பிரசங்கம் செய்தார்.

சரி. இப்போது உங்களிடம் மட்டும் ஓர் உண்மையைச் சொல்கிறேன். எஞ்சின் நம்பர் பொய் சொல்லாமல் இருக்கலாம். நான் சொல்லியிருந்தேன்.

அப்படியே வைத்திருக்கச் சொன்னாரா, இல்லையா? மறுவருடமே யுத்தம், பொருளாதாரத் தடை. பெற்றோல் என்பது கண்ணில் ஊற்றும் மருந்து மாதிரித் துளிக்கணக்கில்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. சேலைன் குழாயால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணுவோம். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வருகிறவருக்கு வெள்ளைப் புகையில் நாங்கள் சாமி மாதிரித் தெரிவோம். மண்ணெண்ணெய் குடித்த கார்பரேற்றர் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? அது செத்ததும், மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைத்த மெசினின் கார்பரேற்றரைக் கழற்றிப் பூட்டினேன். போல்ட் துளைகள் பொருந்தவில்லை. நடுவில் ஓர் அலுமினியத் தகடு வைத்துப் பொருந்த வைத்தோம்.

பின் சில்லு ஹப் காரைநகரில் ஓடாமல் கிடந்த வேறொரு வண்டியுடையது. முன் போர்க் எந்த வண்டியுடையது என்று அதைத் தந்தவருக்கே தெரியாது. புதுச் சாமானுக்கு வழியில்லாத காலத்தில் எது கிடைத்ததோ அதுதான் அளவு. அளவு சரியில்லை என்றால் அரம்.

இதெல்லாம் மச்சானுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். சாந்திக்கும் தெரியாது என்பதுதான் அதைவிடப் பெரிய சிக்கல். "என்ர மனுசன் ஒரு சாமானை நம்பிக் குடுத்தால் கண்ணுக்குள்ள வைச்சுப் பாப்பார்" என்று சொந்தக்காரர்களிடம் இந்த மோட்டார் சைக்கிளைக் காட்டித்தான் அவள் பெருமை பேசுவது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவள் பேசிய ஒரே பெருமை அது. அதுவும் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆகவே திட்டம் போட்டேன். மச்சான் வருவதற்குள் பழையவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அவர் அனுப்பிய ஒரிஜினல் சாமான்களைப் பூட்டிவிடுவது. பாவமும் போகும், தடயமும் போகும்.

பெட்டியை ஓட்டோவில் ஏற்றி, மோட்டார் சைக்கிளை லான்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றி, ஊர்காவற்றுறைக்குப் போனேன். அங்கே சூசை அண்ணையின் கராஜ். இந்த வண்டிக்கு முதல் நாளிலிருந்து கைவைத்தவர் அவர் ஒருவர்தான். எழுபது தாண்டிவிட்டது. பேச்சுக் குறைவு. இவரிடம் ஓர் இரகசியம் சொன்னால் அது எஞ்சினுக்குள் விழுந்த ஊசி மாதிரி – திரும்பக் கிடைக்காது.

முதலில் கார்பரேற்றரை எடுத்தார். புதியது பொருந்தவில்லை. நீர் மெசினின் கார்பரேற்றருக்காக அன்றைக்கு எஞ்சின் வாயையே அராவி அகலமாக்கியிருந்தோம். ஹப்பை எடுத்தார். அதற்கேற்ற கம்பிகள் இப்போதைய றிம்மில் ஏறவில்லை. போர்க்கை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், பெட்டிக்குள் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் "ஏலாது தம்பி" என்ற ஒரே தீர்ப்பு. பொருந்தியவை இரண்டு. ஒன்று பிளக். மற்றது பின் லைற்றின் சிவப்புக் கண்ணாடி.

"பிஸ்டனாவது...?" என்றேன். அதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஏனென்றால் எஞ்சினின் வயிற்றுக்குள் நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அது கம்பனி பூட்டியபடியே இருக்கிறது.

சூசை அண்ணை சிலிண்டரைக் கழற்றினார். வேர்னியரால் அளந்தார். மச்சான் அனுப்பிய பிஸ்டன் ஐம்பது மில்லிமீற்றர். சிலிண்டரின் துளை நாற்பத்தேழு. பழைய பிஸ்டனின் தலையில் படிந்திருந்த கரியை மண்ணெண்ணெயில் ஊற வைத்துச் சுரண்டினேன். கீழே எழுத்துத் தெரிந்தது. அது வேறொரு கம்பனியின் எழுத்து.

"அண்ணை, இது என்ன?"

"சிலிண்டருக்குள்ள சிலீவ் இறக்கியிருக்கு. பழைய துளைக்குள்ள இன்னொரு குழாய். அதுக்கு அளவா வேற பிஸ்டன்."

"ஆர் செய்தது?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். கடலைப் பார்த்தார். "பிளேன்ரீ ஒண்டு குடிப்பமே தம்பி?" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. அதையும் நான்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்! தடைக்காலத்தில் ஏதோ ஒரு நாள், கராஜ் வாங்கில் உட்கார்ந்து பேப்பர் வாசித்தபடி "செய்யுங்கோ அண்ணை" என்று சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகமில்லை. மனிதர் என் மானத்தைக் காப்பாற்றத் தேநீர் கேட்கிறார். மூன்று குற்றம் நாலாகியது. செய்யாததைச் செய்தேன் என்று நம்புவதற்கு எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கல்யாணமான ஆண்களுக்கு இது பழக்கந்தான்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சூசை அண்ணையிடம் கேட்டுக்கொண்டேன். பழையதையெல்லாம் திரும்பப் பூட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவி, பளபளக்கத் துடைத்தோம். இருபத்தொரு சாமான்களை அதே பெட்டிக்குள் அடுக்கி, வீட்டு அலுமாரியின் மேல் தட்டில், படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஒளித்தேன். மச்சானுக்குச் செய்தி அனுப்பினேன்: "எல்லாம் பொருந்தி விட்டது."

கொடி ஏறிய மூன்றாம் நாள் மச்சான் வந்தார். கூடவே அவர் மனைவி வசந்தா அக்கா. அக்கா பக்கத்து ஊரான சரவணைக்காரி. மச்சான் பயணக் களைப்பு, தண்ணீர், தேநீர் எதையும் கவனிக்கவில்லை. நேரே கொட்டிலுக்குப் போனார். சூசை அண்ணையையும் வரச் சொல்லியிருந்தேன், உதைத்து ஸ்டார்ட் வராவிட்டால் கைகொடுக்க. மூன்றாம் உதையில் எஞ்சின் பிடித்தது.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சரித்துக் கேட்டார்.

"கேட்டீரோ? கேட்டீரோ மச்சான்? ஒரிஜினல் பிஸ்டனுக்குத்தான் இந்தச் சத்தம் வரும்! டூப்ளிக்கேற்றுக்கு வராது!"

நான் சூசை அண்ணையைப் பார்த்தேன். சூசை அண்ணை கொட்டில் கூரையைப் பார்த்தார். காது நன்றாகக் கேட்கிற மனிதர்களுக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பவன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன். விருந்தாளிகளுக்கு விரிப்பு எடுக்கச் சாந்தி அலுமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து "தடார்" என்று ஒரு சத்தம். பிறகு அவள் குரல்.

"இஞ்சாருங்கோ! அண்ணா அனுப்பின சாமானெல்லாம் இஞ்சையெல்லோ கிடக்கு!"

பிஸ்டன் உருண்டு உருண்டு விறாந்தை வரைக்கும் வந்து மச்சானின் காலடியில் நின்றது. நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். சாந்தியின் பார்வையை மட்டும் விவரிக்க மாட்டேன். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

வேறு வழி? சொல்லிவிட்டேன். நீர் மெசினின் கார்பரேற்றர், காரைநகர் ஹப், அநாதைப் போர்க். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "பிஸ்டனும் வேறதான் மச்சான். சிலிண்டருக்குள்ள சிலீவ் இறக்கிக் கிடக்கு. அதையும் நான்தான் செய்திருக்க வேணும். மன்னிச்சுக்கொள்ளும்."

மச்சான் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு ஏன் வியர்க்கிறது?

"அதை விடும்... பழைய கதை... சாப்பிடுவமே?" என்றார். இத்தனை நாளாக ஒரிஜினல் பேசியவருக்குத் திடீரென்று பசி வந்துவிட்டது.

அப்போதுதான் வசந்தா அக்கா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிலிண்டரோ? அது எங்கட ஒழுங்கையில இறுகினதெல்லே! உங்களுக்குத் தெரியாதே? என்னைப் பாக்க எண்டு ஒரு நாளைக்கு நாலு தரம் வேலணைக்கும் சரவணைக்கும் ஓடுவார். ஒயிலும் பாக்கிறேல்லை, ஒண்டும் பாக்கிறேல்லை. எங்கட படலைக்கு முன்னால 'கிரீச்' எண்டு எஞ்சின் இறுகி நிண்டிட்டுது. எங்கட அய்யாதான் மாட்டு வண்டிலில போட்டு ஊர்காவற்றுறைக்கு ஏத்தி விட்டவர். அப்பிடித்தானே எங்கட விசயம் என்ர வீட்டில தெரிய வந்தது!"

ஒயில் பார்க்கவில்லை. யார்? அவர்!

மச்சான் தரையில் கிடந்த பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட அய்யாக்குத் தெரிஞ்சால் என்னைக் கொலை செய்திருப்பார் மச்சான். வாங்கி ஆறு மாசம் ஆகேல்லை. அதுதான் சூசை அண்ணையிட்டச் சொல்லி... இப்ப எண்டாலும் ஒரிஜினலைப் போட்டு விடுவம் எண்டுதான் பிஸ்டனை முதல்ல தேடி வாங்கினனான். நீர் கிட்ட நிண்டு பாக்காமல் பூட்டுவிப்பீர் எண்டு நினைச்சன்" என்றார்.

எனக்கு முதலில் சூசை அண்ணை மீதுதான் கோபம் வந்தது. "அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே? அண்டைக்கே சொல்லியிருக்கலாமெல்லே? நான்தான் செய்தன் எண்டு ஒரு மாசமாய் நித்திரை இல்லாமல் கிடந்தன்!"

அவர் தேநீரை ஆற அமர ஒரு வாய் குடித்தார்.

"அவர் வந்து ஆரிட்டையும் சொல்லவேண்டாம் எண்டு சொன்னவர். பிறகு நீர் வந்தும் அதைத்தானே சொன்னனீர்" என்றார்.

சாந்தி அண்ணனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எங்கள் இருவரில் யாரைத் திட்டுவது என்று அவளுக்கே குழப்பம். கடைசியில் சிரித்துவிட்டாள். "இவ்வளவு காலமும் கொட்டிலுக்குள்ள நிக்கிறது ஆரின்ர மோட்டச்சைக்கிள்?" என்றாள். நல்ல கேள்வி. நம்பரைத் தவிர அதில் யாருடையது எது என்று சூசை அண்ணைக்கு மட்டும்தான் தெரியும். அதனாலென்ன? இந்தத் தீவுகளில் பிறப்புப் பத்திரமே ஒரிஜினல் கையில் இல்லாத ஆட்கள்தான் அதிகம். அலுவலகத்துக்கு அலுவலகம் பிரதியைக் காட்டிக்கொண்டு உயிரோடுதானே இருக்கிறோம்? எங்களை விட்டுவிட்டு ஒரு மோட்டார் சைக்கிளிடம் மட்டும் கடுமையாக நடந்துகொள்வது நியாயமில்லை.

மறுநாள் காலை மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். பின்னால் வசந்தா அக்கா, பட்டுச் சேலையும் அர்ச்சனைத் தட்டும். குறிகட்டுவானுக்குப் பயணம். சாந்தி படலையைத் திறந்து பிடித்தாள். மச்சான் உதைக்கக் காலைத் தூக்கினார்.

"மச்சான்," என்றேன், "ஒயில் பாத்தனீரோ?"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. வசந்தா அக்காவை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். பட்டு வேட்டியோடு மணலில் முழந்தாளிட்டு, ஒயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தார் – முப்பத்தைந்து வருடம் பிந்தி!