அப்பா சுட்ட விதை பிஸ்கட்

எனக்கு ஆறு வயது ஆகும்வரை அப்பா என்பவர் போனுக்குள் இருக்கிறவர். குவைத்தில் ஒரு பேக்கரியில் அவருக்கு வேலை. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவார். என் பல் விழுந்ததிலிருந்து பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் அவரிடம் ஒப்பித்துவிடுவேன்.

அந்தக் கோடை லீவில் அவர் நேரிலேயே வாடிப்பட்டிக்கு வந்து இறங்கினார். உயரமாக, மீசையோடு, பழக்கமில்லாத சோப்பு வாசனையோடு வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் நான் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கொண்டுவந்த பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டேன், கிட்டே போகவில்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரம் வந்ததும் அம்மாவிடம், "அப்பாவுக்குப் போன் போட்டுக் குடும்மா" என்று கேட்டேன்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் தன் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சற்று நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. திரையில் அப்பா!

"பாப்பா, பிஸ்கட் சுடப் போறேன். உங்க வீட்ல எள்ளு எங்கிட்டு இருக்கு?"

"மேல் தட்டுல, செவப்பு மூடி டப்பாப்பா."

"செவப்பு மூடி நாலு இருக்கே, தாயி."

எவ்வளவு சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. போனைப் பிடித்தபடியே அடுப்படிக்குப் போய் டப்பாவைக் காட்டிக் கொடுத்தேன்.

கோதுமை மாவில் எள்ளும், அவர் பெட்டியில் கொண்டுவந்திருந்த வெள்ளரி விதையும் சூரியகாந்தி விதையும் போட்டுப் பிசைந்தார். சப்பாத்திக் கட்டையால் காகிதம்போலத் தேய்த்துக் கட்டம் கட்டமாக வெட்டினார். வீட்டில் ஓவன் ஏது? குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்தார்.

"லீவுல வந்தும் இதே வேலைதானா?" என்றாள் அம்மா.

"அங்க அம்புட்டுச் சுடுறேன். ஒண்ண எடுத்து நம்ம பிள்ள வாயில வைக்க முடியலையே."

முதல் தட்டு கருகிப்போனது. பெரிய பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தட்டு பொன்னிறமாக வந்தது. அவர் ஊதி ஊதி ஊட்டியது நினைவிருக்கிறது. நான் எப்போது அவர் மடியில் ஏறினேன் என்பதுதான் நினைவில் இல்லை. அதன்பிறகு லீவு முடியும்வரை நான் இறங்கவே இல்லை என்று அம்மா சொல்வாள்.

புறப்படுவதற்கு முன் ஒரு சின்ன டின் நிறையச் சுட்டு வைத்தார். கார் கிளம்பியபோது நான் அழவில்லை. சமத்துப் பிள்ளை என்று தெருவே மெச்சியது. அவர் திரும்பவும் போனுக்குள் போகிறார், அவ்வளவுதானே என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் நினைத்தபடியே போனுக்குள் வந்தார். நான் ஒரு பிஸ்கட்டைத் திரைக்கு நேரே நீட்டினேன். அவர் வாயைத் திறந்து, நறுக்கென்று கடித்து, மென்று காட்டினார்.

"டின்னுல கொஞ்சந்தான்ப்பா இருக்கு. நாளைக்கு வந்து சுட்டுத் தாரீங்களா?" என்றேன்.

படம் சட்டென்று இருட்டிவிட்டது. குரல் மட்டும் வந்தது.

"சிக்னல் சரியில்ல தாயி. நீ பேசு, நான் கேக்குறேன்."

"சளி பிடிச்சிருக்காப்பா?"

"ஆமா தாயி. இங்க ஏசி சாஸ்தி."

படம் போன பிறகும் குரல் எப்படி அவ்வளவு பக்கத்தில் கேட்கிறது என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. கால் மேல் கால் போட்டுக்கொண்டு, அந்த இருட்டுத் திரையிடம் பக்கத்து வீட்டு நாயின் புதுக் குட்டிகளுக்குக் கண் திறந்த கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.